டிஎன்ஏவைப் பற்றும் புரதங்கள்: சேலம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம், ஆத்தூர், ஏற்காடு பக்கம் உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பம், தாவரவியல் முதுகலை படிப்பவர்களும், புராஜெக்ட்டுக்காக முதன்முறை ஆய்வகத்துக்குள் நுழைபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே. முன்பாதி கருத்து, பின்பாதி கைவேலை. வைவாவுக்கு மட்டும் படிப்பவர்களும் 5-வது கேள்வியை விட்டுவிட வேண்டாம். கெட்டுப்போகும் ஜெல்களில் பெரும்பாலானவை அங்கே சொன்ன கணக்கைப் போடாததால்தான் கெடுகின்றன.

1. புரதம் டிஎன்ஏவில் எதைப் பிடிக்கிறது?

இரண்டு விதமான இடங்களை. வெளியே ஓடும் சர்க்கரை–பாஸ்பேட் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்னேற்றம். லைசின், ஆர்ஜினின் போன்ற நேர்மின்னேற்ற அமினோ அமிலங்கள் அதில் ஒட்டும். இந்த ஒட்டலுக்குக் கார வரிசை ஒரு பொருட்டே இல்லை, எந்த டிஎன்ஏவானாலும் ஒட்டும். இன்னொரு இடம், பள்ளங்களின் வழியே எட்டிப் பார்க்கும் காரங்களின் விளிம்பு. இங்கேதான் தேர்வு நடக்கிறது: ஆர்ஜினின் குவானைனோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு போடும், அஸ்பராஜினும் குளுட்டமைனும் அடினைனைத் தேடும், தைமினின் மெத்தில் குழு நீர்வெறுக்கும் பக்கச்சங்கிலிகளோடு ஒட்டும்.

எல்லா டிஎன்ஏ புரதத்திலும் இரண்டும் கலந்தே இருக்கும், விகிதம்தான் மாறும். டிஎன்ஏவைச் சுருட்டி வைக்கும் ஹிஸ்டோனில் முதல் வகை ஓங்கியிருக்கும். ஈ.கோலையில் பால்சர்க்கரை மரபணுக்களை அடக்கி வைக்கும் லாக் அடக்கி போன்றவற்றில் இரண்டாவது வகையே அதன் அடையாளம்.

2. இழைகளைப் பிரிக்காமலே எழுத்தை எப்படிப் படிக்கிறது?

கார இணைகள் உள்ளே ஜோடி சேர்ந்திருந்தாலும் அவற்றின் ஓரங்கள் பெரும் பள்ளத்திலும் சிறு பள்ளத்திலும் வெளியே தெரிகின்றன. பெரும் பள்ளத்தில் ஏ-டி, டி-ஏ, ஜி-சி, சி-ஜி நான்கும் நான்கு வேறு வடிவங்களாகத் தெரியும். சிறு பள்ளத்தில் ஏ-டியா டி-ஏவா என்று பிரித்தறிய முடியாது. சீமன், ரோசன்பெர்க், ரிச் மூவரும் 1976-ல் சொன்ன இந்தக் கணக்கு இன்றும் நிற்கிறது. பெரும் பள்ளத்தின் அகலம் ஓர் ஆல்ஃபா சுருளை உள்ளே விடக் கச்சிதமானது. அதனால்தான் ஹெலிக்ஸ்-டர்ன்-ஹெலிக்ஸ், ஹோமியோடொமைன், ஜிங்க் ஃபிங்கர், லூசின் ஜிப்பர் என்று குடும்பம் குடும்பமாகப் புரதங்கள் ஒரு சுருளை அங்கே செருகியே படிக்கின்றன.

விதிவிலக்கு, மரபணுவின் தொடக்கத்தருகே இருக்கும் டாட்டா பெட்டி என்ற வரிசையைப் பற்றும் டிபிபி புரதம். அது சிறு பள்ளத்தில் உட்கார்ந்து, டிஎன்ஏவைச் சுமார் 80 டிகிரி வளைத்துவிடும். இதை நிரூபித்த சோதனை அழகானது. டாட்டா பெட்டியின் ஏ-டி இணைகளை எடுத்துவிட்டு ஐனோசின்–சைட்டோசின் இணைகளை வைத்தார்கள். பெரும் பள்ளத்தின் முகம் முழுக்க மாறிவிட்டது. சிறு பள்ளத்தின் முகம் மட்டும் ஏ-டி போலவே இருந்தது. டிபிபி வழக்கம்போல ஒட்டியது. இந்த ஐனோசின் விஷயம் 10-வது கேள்வியில் மறுபடி வரும், நினைவில் வையுங்கள்.

3. 6 எழுத்து இடத்தை அடையாளம் காணும் புரதத்துக்கு ஜீனோமில் லட்சக்கணக்கான இடங்கள் இருக்குமே?

இருக்கும். 4-ஐ 6 தடவை பெருக்கினால் 4,096. அதாவது சராசரியாக 4,000 எழுத்துக்கு ஒருமுறை அந்த இடம் வரும். மனித ஜீனோம் 320 கோடி கார இணை, எனவே சுமார் 8 லட்சம் இடங்கள். 10 எழுத்தானால் 3,000 சொச்சம். ஒரே ஓர் இடம் மட்டும் வேண்டுமென்றால் 16 எழுத்து தேவை. நம் படியெடுத்தல் காரணிகளில் (மரபணுவை இயக்கும், அடக்கும் புரதங்கள்) பெரும்பாலானவை படிப்பதோ 6 முதல் 12 எழுத்துதான்.

செல் இதை மூன்று வழியில் சமாளிக்கிறது. இரண்டு மூலக்கூறு ஜோடி சேர்ந்து இரட்டிப்பு நீளத்தைப் படிப்பது ஒன்று. வெவ்வேறு காரணிகள் பக்கத்துப் பக்கத்து இடங்களில் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, பெரும்பாலான இடங்கள் ஹிஸ்டோனைச் சுற்றிய நியூக்ளியோசோமுக்குள் (7-வது கேள்வி) மூடிக்கிடப்பது. மனிதனில் சுமார் 1,600 படியெடுத்தல் காரணிகள் உள்ளன. கல்லீரல் செல்லும் தோல் செல்லும் ஒரே டிஎன்ஏவை வைத்துக்கொண்டு வேறாக இருப்பதற்கு, எந்தக் காரணி இருக்கிறது என்பதும் எந்த இடம் திறந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே காரணம்.

4. அத்தனை பெரிய டிஎன்ஏவில் சரியான இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஈ.கோலையின் லாக் அடக்கிதான் இதில் அதிகம் ஆராயப்பட்டது. கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் அதை 1966-ல் பிரித்தெடுத்தார்கள். ஒரு செல்லில் சுமார் 10 நான்மங்கள்தான் (நான்கு துணையலகு சேர்ந்த கூட்டு) இருக்கும், தேட வேண்டியது 46 லட்சம் கார இணை. 1970-ல் ரிக்ஸ் குழுவினர் அது இடத்தைப் பற்றும் வேகத்தை அளந்தபோது, கரைசலில் வெறுமனே அலைந்து மோதினால் கிடைக்கக்கூடிய வேகத்தைவிட அது அதிகமாக இருந்தது. விளக்கம் இதுதான்: முதலில் எங்காவது வரிசை பாராமல் ஒட்டுகிறது, அங்கிருந்து கொஞ்ச தூரம் வழுக்கிப் பார்க்கிறது, விட்டுவிட்டு இன்னோர் இடத்தில் தொற்றுகிறது. சின்னக் கடை வீதியில் ஒரு கடையைத் தேடுபவர் நாலு கடை நடந்து பார்த்துவிட்டு, ஆட்டோ பிடித்து அடுத்த முனையில் இறங்கி மறுபடி நாலு கடை பார்ப்பது மாதிரி. 2007-ல் உயிருள்ள செல்லுக்குள் ஒற்றை மூலக்கூறைப் பார்த்தபோது, லாக் அடக்கி தன் நேரத்தில் சுமார் 90 சதவீதத்தை வேண்டாத டிஎன்ஏவில் ஒட்டியே கழிப்பது தெரிந்தது. 2012-ல் ஒவ்வொரு வழுக்கலும் சுமார் 45 கார இணை தூரம் என்று அளந்தார்கள்.

ஆக, வரிசை பாராத ஒட்டல் தொல்லை என்று நினைக்க வேண்டாம். தேடலே அதை நம்பித்தான் நடக்கிறது.

5. கே.டி. மதிப்பு என்றால் என்ன? ஏன் எல்லோரும் அதையே கேட்கிறார்கள்?

"இந்தப் புரதம் இந்த டிஎன்ஏவில் ஒட்டுமா?" என்பது அரைக் கேள்வி. போதிய செறிவில் ஊற்றினால் எந்த நேர்மின்னேற்றப் புரதமும் எந்த டிஎன்ஏவிலும் ஒட்டும். எவ்வளவு செறிவில், எவ்வளவு உப்பில், எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் கேள்வி முழுதாகும். டிஎன்ஏவில் பாதி பிடிபட்டிருக்கும்போது தனியாக மிதக்கும் புரதத்தின் செறிவே கே.டி. பிடிபட்ட பங்கு = புரதச் செறிவு ÷ (புரதச் செறிவு + கே.டி.). கே.டி. 1 நானோமோலார் என்றால், 1 நானோமோலார் புரதத்தில் 50 சதவீதம், 9-ல் 90 சதவீதம், 99-ல் 99 சதவீதம். 50-லிருந்து 99-க்குப் போக ஏறக்குறைய 100 மடங்கு புரதம் வேண்டும். ஓர் ஈ.கோலை செல்லுக்குள் ஒரு மூலக்கூறு இருந்தாலே அதன் செறிவு ஏறக்குறைய 1 நானோமோலார். அதனால்தான் நானோமோலார் கணக்கு உயிரியலில் இவ்வளவு முக்கியம்.

இந்தச் சமன்பாடு ஒரு நிபந்தனையோடு வருகிறது: டிஎன்ஏ செறிவு கே.டி.யைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும், பத்தில் ஒரு பங்கு நல்லது. கே.டி. 1 நானோமோலார் உள்ள புரதத்துக்கு 20 நானோமோலார் புரோப் (சோதனைக்குப் போடும் அடையாளமிட்ட டிஎன்ஏ துண்டு) போட்டால், போட்ட புரதமெல்லாம் உடனே ஒட்டிவிடும். 10 நானோமோலாரில் "பாதி" தெரியும், நீங்கள் அதைக் கே.டி. என்று எழுதிவிடுவீர்கள். உண்மையில் அளந்தது புரோப்பில் பாதி எவ்வளவு என்பதை மட்டுமே. தரமான இதழ்களிலேயே இந்தத் தவறு உண்டு.

நேரமும் இதிலிருந்தே வரும். பற்றும் வேகம் விநாடிக்கு, மோலாருக்கு 10⁸ என்று வைத்தால், கே.டி. 1 நானோமோலார் உள்ள கூட்டு விடுபடும் வேகம் விநாடிக்கு 0.1. அதாவது சுமார் 7 விநாடியில் பாதி பிரிந்துவிடும். ஒட்டலைப் பார்க்கும் ஜெல் (10-வது கேள்வி) ஓடுவதோ ஒரு மணி நேரம். கேட்கும்போதே பயமாக இருக்கிறதல்லவா? ஜெல்லின் நெருக்கமான வலை பிரிந்த ஜோடியை விலகவிடாமல் வைத்திருப்பதும், ஜெல்லுக்குள் உப்பு குறைவாக இருப்பதும் ஓரளவு காப்பாற்றுகின்றன. காப்பாற்றாதபோது பட்டைக்குப் பதில் தீற்றல்தான் கிடைக்கும்.

6. உப்பு இவ்வளவு வித்தியாசம் செய்யுமா?

செய்யும், நம்பவே முடியாத அளவுக்கு. தனியாக இருக்கும் டிஎன்ஏவைச் சுற்றிப் பொட்டாசியம், சோடியம் அயனிகள் மொய்த்திருக்கும். புரதம் ஒட்டும்போது அவை விரட்டப்படும். வெளியே உப்பு அதிகமானால் விரட்டுவது கடினம். 5 அயனிகளை விரட்டும் புரதத்துக்கு, உப்பை 50-லிருந்து 100 மில்லிமோலாராக்கினால் கே.டி. 2⁵, அதாவது 32 மடங்கு மோசமாகும்.

இதில் கண்ணுக்குத் தெரியாமல் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. புரதம் பெரும்பாலும் 500 மில்லிமோலார் உப்புள்ள பஃபரில் சேமிக்கப்பட்டிருக்கும். 20 மைக்ரோலிட்டர் வினையில் 2 மைக்ரோலிட்டர் புரதம் விட்டால் கூடவே 50 மில்லிமோலார் உப்பு உள்ளே போகிறது, 4 விட்டால் 100. குழாய்க்குக் குழாய் புரதத்தின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், கூடவே உப்பையும் கூட்டுகிறீர்கள். புரதம் அதிகமாக ஆக ஒட்டல் குறைவது போல வளைவு வரும். எல்லாக் குழாயிலும் ஒரே கொள்ளளவு விழும்படி, சேமிப்பு பஃபரிலேயே புரதத்தைப் படிப்படியாக நீர்த்து வையுங்கள்.

7. ஹிஸ்டோன் வெறும் சுருட்டும் கட்டைதானா?

147 கார இணை, எட்டு ஹிஸ்டோன் உருளையைச் சுமார் 1.65 சுற்று சுற்றினால் ஒரு நியூக்ளியோசோம். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஒவ்வொன்றும் இரண்டு. 1997-ல் லூகரும் ரிச்மண்டும் வெளியிட்ட படிக அமைப்பில், டிஎன்ஏவின் சிறு பள்ளம் உட்பக்கம் திரும்பும் 14 இடங்களில் ஹிஸ்டோன் தொட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. தொடுகை பெரும்பாலும் முதுகெலும்போடுதான், அதனால் எந்த வரிசையையும் சுற்ற முடிகிறது. ஹிஸ்டோன் வால்களின் லைசினில் அசிட்டைல் குழு ஏறினால் நேர்மின்னேற்றம் போய்ப் பிடி தளரும், அந்தப் பகுதி படியெடுக்கத் திறக்கும். கட்டை என்று சொல்வதென்றால், எங்கே அவிழ வேண்டும் என்ற குறிப்பும் எழுதியிருக்கும் கட்டை.

8. மரபணுவை இயக்குவது, அடக்குவது தவிர வேறு வேலை?

ஏராளம். ஹெலிகேஸ் இழைகளைப் பிரிக்கிறது, ஒற்றை இழைப் புரதம் பிரிந்ததை மூடிக் காக்கிறது, பாலிமரேஸ் நகலெடுக்கிறது, டோபோஐசோமரேஸ் முறுக்கை வெட்டித் தளர்த்தி மறுபடி ஒட்டுகிறது, பழுதுபார்க்கும் புரதங்கள் தவறான எழுத்தைப் பிடுங்குகின்றன, கோஹெசின் வளையம் டிஎன்ஏவை மடித்துப் பிடிக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் வேலை செய்வதே பாக்டீரியாவின் ஜைரேஸ் நொதியை, வெட்டிய டிஎன்ஏவோடு சேர்த்து அப்படியே உறைய வைத்துத்தான். டெக்ஸாமெத்தசோன் செல்லுக்குள் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியோடு சேர, அந்த ஏற்பி உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவைப் பற்றுகிறது. ஸ்டீராய்டு உடனே வேலை காட்டாமல் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

புற்றுநோய்க்கு பி53. இது நான்கு மூலக்கூறாகச் சேர்ந்து டிஎன்ஏவைப் பற்றும். புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இதன் மரபணு கெட்டிருக்கும். 248-ம், 273-ம் ஆர்ஜினின் மாறினால் டிஎன்ஏவைத் தொடும் விரலே போனது. 175-ம் ஆர்ஜினின் மாறினால் விரல் இருக்கும், ஆனால் கையின் வடிவமே குலையும். இந்த வேறுபாட்டைக் கேட்காமல் எந்தத் தேர்வாளரும் விடுவதில்லை. அரிவாள் செல் நோய்க்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த கிரிஸ்பர் சிகிச்சையும் இந்த ரகம்தான். பிசிஎல்11ஏ என்ற அடக்கியின் மரபணுவை இரத்தச் செல்லில் இயக்கும் இடத்தில் காட்டா1 புரதம் ஒட்டும் வரிசை இருக்கிறது. அதை வெட்டிக் கெடுக்கிறார்கள். அடக்கி குறைகிறது, கருவில் இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபின் மறுபடி வருகிறது.

9. குச்சிக்கிழங்குத் தேமல் நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சேகோ ஆலைகளுக்குப் போகும் மரவள்ளியில் இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகி முறுக்கிக்கொள்ளும் நோய் இது. காரணம் ஜெமினி வைரஸ்கள்: இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். வெள்ளை ஈ பரப்பும். நோயுள்ள செடியில் வெட்டிய கரணையை நட்டால் நாமே பரப்புகிறோம்.

வைரஸின் மரபுப்பொருள் ஒற்றை இழை வட்ட டிஎன்ஏ, ஏ, பி என்று இரண்டு வட்டம், ஒவ்வொன்றும் சுமார் 2,700 எழுத்து. செடிக்குள் போனதும் அது இரட்டை இழையாகி, செடியின் ஹிஸ்டோன்களையே சுற்றிக்கொண்டு குட்டிக் குரோமோசோம் போல உட்கார்ந்துகொள்ளும். பிறகு வைரஸின் ரெப் புரதம் வேலையைத் தொடங்கும். சுமார் 350 அமினோ அமிலம் நீளமுள்ள இது, இரண்டு விதமாக டிஎன்ஏவைக் கையாளுகிறது. முதலில் ஐட்டெரான் எனப்படும் சிறிய, திரும்பத் திரும்ப வரும் வரிசைகளைப் பற்றுகிறது. இது வைரஸுக்கு வைரஸ் மாறும், ஒன்றின் ரெப் பொதுவாக இன்னொன்றின் வட்டத்தைத் தொடாது. பற்றியபின், பக்கத்தில் ஊசிக்கொண்டை போல எழும்பி நிற்கும் வளைவில், டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ-சி என்ற ஒன்பது எழுத்தில் 7-க்கும் 8-க்கும் நடுவே ஓர் இழையை மட்டும் வெட்டுகிறது. இந்த ஒன்பது எழுத்து ஜெமினி வைரஸ் குடும்பத்தில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றே. வெட்டிய முனையில் ரெப்பின் டைரோசின் சகப்பிணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும். ஐட்டெரான் பிடிப்பு விடக்கூடியது, டைரோசின் பிடிப்பு அப்படியல்ல. ஒரே புரதத்தில் இரண்டையும் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

வைரஸுக்குச் சொந்தப் பாலிமரேஸ் இல்லை, செடியின் பாலிமரேஸைத்தான் கடன் வாங்க வேண்டும். ஆனால் முதிர்ந்த இலைச் செல் டிஎன்ஏவை நகலெடுப்பதை நிறுத்தியிருக்கும். அதனால் ரெப், செல் பிரிதலைத் தடுத்து வைத்திருக்கும் ரெட்டினோபிளாஸ்டோமா வகைப் புரதத்தைப் பிடித்து, நகலெடுக்கும் இயந்திரங்களை மறுபடி தயார் செய்ய வைக்கிறது. 2022-ல் இதன் மறுபக்கம் தெரியவந்தது: ஆப்பிரிக்க மரவள்ளியில் சிஎம்டி2 என்று நெடுங்காலமாக அறியப்பட்ட எதிர்ப்புத் திறன், டிஎன்ஏ பாலிமரேஸ் டெல்டாவின் பெரிய துணையலகில் ஏற்பட்ட அமினோ அமில மாற்றத்தால் வருவது. செடியின் சொந்த டிஎன்ஏ புரதத்திலேயே ஓர் எழுத்து மாறியதால் வைரஸ் தடுமாறுகிறது. எதிர்ப்பு என்றாலே நோயை எதிர்க்கும் தனி மரபணு என்று பாடத்தில் படித்தவர்களுக்கு இது நல்ல அதிர்ச்சி.

புராஜெக்ட் தலைப்பு தேடுபவர்களுக்கு: ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ரெப்பின் முன்பாதியை மட்டும் ஈ.கோலையில் தயாரித்து, ஐட்டெரான் உள்ள புரோப்போடும், மாற்றிய புரோப்போடும் ஜெல் ஓட்டிப் பார்ப்பது ஒரு பருவத்துக்குள் முடியக்கூடிய வேலை.

10. எம்சா ஜெல் எப்படிச் செய்வது? அளவுகளோடு சொல்லுங்கள்.

எம்சா, அதாவது ஜெல் ஷிஃப்ட்: புரதம் ஒட்டிய டிஎன்ஏ ஜெல்லில் மெதுவாக ஓடும், ஒட்டாதது முன்னால் போகும். 1981-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெளியிட்ட முறை, இன்றும் இதைவிட மலிவான வழி இல்லை.

புரோப்: 25 முதல் 30 எழுத்து ஒலிகோ இரண்டு, ஒன்றில் ஒளிரும் சாயம் அல்லது பயோட்டின். 10 மில்லிமோலார் ட்ரிஸ், 50 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் கலந்து, சாயமில்லாத இழையைச் சற்று அதிகமாகப் போட்டு, 95 டிகிரியில் 5 நிமிடம், பிறகு ஒரு மணி நேரம் மெதுவாக ஆறவிடுங்கள்.

ஜெல், 10 மில்லிலிட்டருக்கு: 29:1 விகித 30 சதவீத அக்ரிலமைடு 2 மி.லி., 5 மடங்கு டி.பி.இ. 1 மி.லி., தண்ணீர் 6.9 மி.லி., 10 சதவீத ஏ.பி.எஸ். 100 மைக்ரோலிட்டர், டெமெட் 10 மைக்ரோலிட்டர். இது 6 சதவீத ஜெல், எஸ்.டி.எஸ். துளிகூட வரக்கூடாது. புரத ஜெல்லுக்குப் பயன்படுத்தும் அதே தொட்டியானால் நன்றாகக் கழுவுங்கள். மாதிரி ஏற்றும் முன் அரை மடங்கு டி.பி.இ.யில் 100 வோல்ட்டில் 45 நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள்.

வினை, 20 மைக்ரோலிட்டர்: ட்ரிஸ் 10 மில்லிமோலார் பி.எச். 7.5, பொட்டாசியம் குளோரைடு 50 மில்லிமோலார், டி.டி.டி. 1 மில்லிமோலார், கிளிசரால் 5 சதவீதம், பி.எஸ்.ஏ. மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம், புரோப் 1 நானோமோலார். 25 கார இணைக்கு இது சுமார் 0.3 நானோகிராம்தான். உட்கருச் சாறு பயன்படுத்தினால், வரிசை பாராமல் ஒட்டும் புரதங்களை இழுத்துக்கொள்ளும் போட்டி டிஎன்ஏவான பாலி டிஐ-டிசி (ஐனோசின்–சைட்டோசின்) 1 மைக்ரோகிராம், தூய புரதமானால் அதில் பத்தில் ஒன்றோ, தேவையே இல்லையோ. வரிசை முக்கியம்: பஃபர், பாலி டிஐ-டிசி, புரதம், 10 நிமிடம் கழித்துக் கடைசியாகப் புரோப். பிறகு 20 நிமிடம். புரோப்பை முதலில் போட்டால் கண்ட புரதமும் அதில் ஏறிவிடும்.

இங்கேதான் ஐனோசின் வருகிறது. டிஐ-டிசி சிறு பள்ளத்தில் ஏ-டி போலத் தெரியும் என்று பார்த்தோம். எனவே டிபிபி, எச்எம்ஜி வகை போன்ற சிறு பள்ளப் புரதங்களுக்கு அதைப் போட்டால் உங்கள் புரதத்தையே அது விழுங்கிவிடும். பாலி டிஜி-டிசிக்கு மாறுங்கள்.

குறைந்தது நான்கு தடங்கள் இல்லாத எம்சாவை யாரும் நம்ப வேண்டாம்: புரோப் மட்டும், புரதத்துடன், கூடவே 100 மடங்கு சாயமற்ற அதே வரிசை, கூடவே 100 மடங்கு எழுத்து மாற்றிய வரிசை. மூன்றாவதில் பட்டை மறைய வேண்டும், நான்காவதில் நிற்க வேண்டும். லோடிங் சாயத்தை மாதிரியில் கலக்காமல் காலித் தடத்தில் விடுங்கள், புரோமோஃபீனால் நீலம் சில கூட்டுகளைக் கலைத்துவிடும்.

ஒளிரும் புரோப் வாங்கப் பணமில்லாமல் சைபர் சாயம் ஏற்றிப் பார்ப்பவர்கள், புரோப்பை 100 நானோமோலார் வரை ஏற்றியாக வேண்டும். ஒட்டுகிறதா என்று காட்ட அது போதும். கே.டி. மட்டும் எழுதாதீர்கள், காரணம் 5-ல் இருக்கிறது.

11. மே மாதத்தில் மட்டும் ஜெல் சரியாக வருவதே இல்லை. ஏன்?

"அறை வெப்பநிலை" என்று நெறிமுறையில் எழுதியிருந்தால் 20 முதல் 25 டிகிரி என்று பொருள். ஏற்காட்டில் அது சரியாக இருக்கலாம். சேலத்தில் கோடையில் ஏசி இல்லாத அறை 36, 37 டிகிரி. ட்ரிஸ் பஃபரின் பி.எச். டிகிரிக்கு 0.028 இறங்கும், 25-ல் 7.5 வைத்தது 37-ல் சுமார் 7.2. டி.டி.டி. 20 டிகிரியில், பி.எச். 7.5-ல் 10 மணி நேரத்தில் பாதியாகும், சூட்டில் இன்னும் சீக்கிரம். காலையில் கலந்ததை மாலையில் பயன்படுத்தாதீர்கள். ஜெல் ஊற்றி முடிப்பதற்குள் இறுகினால் ஏ.பி.எஸ்., டெமெட் இரண்டையும் பாதியாக்கி, கரைசலை முதலில் பனிக்கட்டியில் வையுங்கள். வினையைத் தெர்மல் சைக்கிளரிலேயே 25 டிகிரி வைத்துச் செய்யலாம், அது சும்மாதானே கிடக்கிறது. ஜெல் தொட்டியைப் பனிக்கட்டித் தட்டில் வைத்து, வோல்ட்டைக் குறைத்து ஓட்டுங்கள்.

தண்ணீரையும் பாருங்கள். சேலம் வெள்ளைக்கல் பூமி. போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் தாராளம். தேய்ந்துபோன வடிகலன் வழியே மெக்னீசியம் உள்ளே வந்தால், சாற்றில் தூங்கும் நியூக்ளியேஸ் விழித்துப் புரோப்பைத் தின்னும். புரோப்-மட்டும் தடம் தெளிவாக இருந்து, புரதத் தடத்தில் மேலேயும் பட்டை இல்லாமல் கீழேயும் புரோப் குறைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மற்ற வழக்கமான கோளாறுகள்: எல்லாமே கிணற்றிலேயே சிக்கி நின்றால் புரதம் திரண்டுவிட்டது, அல்லது அளவு மிக அதிகம். பட்டைக்கும் புரோப்புக்கும் நடுவே தீற்றல் என்றால் ஓடும்போதே பிரிகிறது, ஜெல்லை 5 சதவீதமாக்கிச் சீக்கிரம் ஓட்டுங்கள். ஈ.கோலையில் தயாரித்த புரதம் ஒட்டவே இல்லை என்றால் 260-க்கு 280 விகிதத்தைப் பாருங்கள். தூய புரதத்துக்கு அது 0.6 அருகே இருக்க வேண்டும், 1-ஐத் தாண்டினால் ஈ.கோலை டிஎன்ஏ ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நிக்கல் பத்தியில் இருக்கும்போதே 1 மோலார் உப்பால் கழுவுங்கள். ஜிங்க் ஃபிங்கர் புரதமானால் இ.டி.டி.ஏ. துத்தநாகத்தைப் பிடுங்கிவிடும், டி.பி.இ.யிலும் அது இருக்கிறது. இ.டி.டி.ஏ. இல்லாத ட்ரிஸ்–போரேட்டில் ஓட்டி, வினையில் 10 மைக்ரோமோலார் துத்தநாகம் சேருங்கள்.

12. ஜெல்லில் ஒட்டினால் செல்லிலும் ஒட்டும் என்று எழுதலாமா?

எழுதக்கூடாது. ஜெல்லில் இருப்பது உரித்த டிஎன்ஏ, அங்கே நியூக்ளியோசோம் இல்லை. செல்லுக்குள் நடப்பதைப் பார்க்கச் சிப் (குரோமாட்டின் இம்யூனோபிரெசிபிடேஷன்) வேண்டும்: 1 சதவீத ஃபார்மால்டிஹைடு 10 நிமிடம், 125 மில்லிமோலார் கிளைசின் 5 நிமிடம், ஒலி அலையால் 200–500 எழுத்துத் துண்டுகளாக உடைத்தல், ஆன்டிபாடியால் பிடித்தல், 65 டிகிரியில் இரவு முழுக்க வைத்துப் பிணைப்பை அவிழ்த்தல், பிறகு க்யூபிசிஆர். இலையானால் ஃபார்மால்டிஹைடு உள்ளே போக வெற்றிடம் தேவை. சிப் தோற்பது பெரும்பாலும் இரண்டே இடத்தில்: ஃபார்மால்டிஹைடில் அதிக நேரம் வைத்ததால் உடையாத குரோமாட்டின், மேற்கில் நன்றாக வேலை செய்தாலும் சிப்பில் பிடிக்காத ஆன்டிபாடி. மேற்கு என்றது வெஸ்டர்ன் பிளாட்டை.

13. ஏற்காடு காபி இலையில் உட்கருச் சாறு எடுத்தால் பழுப்பாகிறது. பயன்படுத்தலாமா?

வேண்டாம். குளோரோஜெனிக் அமிலம் ஆக்சிஜனேற்றமாகிக் குயினோன்களாகி, புரதங்களில் நிரந்தரமாக ஒட்டிவிட்டது. துரு நோய்க்கு எதிராக எழும் வொர்க்கி குடும்பப் படியெடுத்தல் காரணிகளைத் தேடுபவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். மூன்றாவது ஜோடிக்கு மேலே உள்ள இளம் இலையைத் திரவ நைட்ரஜனில் அரையுங்கள். பஃபரில் கரையாத பி.வி.பி.பி. 2 சதவீதம், அஸ்கார்பிக் அமிலம் 10 மில்லிமோலார், புதிதாகக் கலந்த டி.டி.டி. 5 மில்லிமோலார் சேர்த்து, 4 டிகிரியிலேயே முடியுங்கள். மலையில் பறித்த இலையைப் பையில் போட்டுக் கொண்டைஊசி வளைவெல்லாம் இறங்கிச் சேலம் வந்து அரைப்பது வீண் வேலை, தோட்டத்திலேயே உறைய வைக்க வேண்டும்.

14. டிஎன்ஏவை வெட்டும் ஈகோ ஆர்1 நொதி ஏன் சில சமயம் தவறான இடத்தில் வெட்டுகிறது?

கிளிசரால். நொதி 50 சதவீதக் கிளிசராலில் வரும். 20 மைக்ரோலிட்டரில் 2-க்கு மேல் விட்டால் 5 சதவீதத்தைத் தாண்டி, ஜி-ஏ-ஏ-டி-டி-சிக்கு ஓர் எழுத்து மாறிய இடங்களையும் வெட்டும். உப்பு குறைவு, உயர்ந்த பி.எச்., மெக்னீசியத்துக்குப் பதில் மாங்கனீசு இவையும் அப்படியே செய்யும். இரவு முழுக்க விட்டுவிட்டுப் போவது கூடுதல் ஆபத்து.

15. பாதுகாப்பு?

இறுகாத அக்ரிலமைடு நரம்பு நஞ்சு, தோல் வழியே ஏறும். தூளை எடை போடாமல் ஆயத்தக் கரைசலாகவே வாங்குங்கள், கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றாமல், ஏ.பி.எஸ்., டெமெட் சேர்த்து இறுக வைத்துத் திடக் கழிவாகப் போடுங்கள். ஃபார்மால்டிஹைடு புகைக்கூண்டுக்குள் மட்டும். புகைக்கூண்டின் விசிறி ஓடுகிறதா என்று ஒரு டிஷ்யூ தாளைக் கூண்டின் திறப்பருகே பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுக்கவில்லை என்றால் அது வெறும் அலமாரி, அன்றைக்குச் சிப்பைத் தள்ளிவையுங்கள்.